எடுத்தாச்சு, விட்டாச்சு

மதினி,

இன்று அண்ணன் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திருச்சுழியிலிருந்து வெயிலில் பைக்கிலேயே கொண்டுவந்தான். உறையைத் திறந்ததும் உங்கள் பையில் எப்போதும் கிடக்கும் கிராம்பின் வாசம். "பிள்ளைக்கு அவ அனுப்புன வாய்ஸ் பூரா இதுலதான் இருக்கு. டிக்கு டிக்குங்குது. எப்படியாவது எடுத்துக் குடுத்துரு" என்றான். அவன் போனதும் கடையில் நான் மட்டும்தான். கெட்ட டிஸ்க்குகளை நாம் இருவரும் உட்கார்ந்து மீட்ட கடை; நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து உங்கள் நாற்காலி சும்மா கிடக்கிறது.

நமக்கு ஒரே கம்ப்யூட்டர், அந்த லினக்ஸ் மிஷின்தான்; ஆளுக்கொரு திரை. பந்தல்குடி ஸ்டுடியோக்காரரின் கல்யாண வீடியோ டிஸ்க்கை நீங்கள் உங்கள் திரையில் மீட்டுக்கொண்டிருக்க, அது தெரியாமல் நான் என் பக்கம் அதையே சோதிக்கக் கிளம்பினேனே, நினைவிருக்கிறதா? இரண்டு பேர் ஓட்டிய மென்பொருளும் முட்டிக்கொண்டு மிஷினே உறைந்துபோனது. நல்லவேளை, வேறொரு நகல் இருந்தது. "ஏத்தா, ஒரே இலையில ரெண்டு பேரு கை வச்சா என்னத்துக்கு ஆகும்?" என்று கத்தினீர்கள்.

அன்றிலிருந்து டிஸ்க்கைத் தொட்டால் "எடுத்தாச்சு!", முடிந்தால் "விட்டாச்சு!". அடுத்தவர் "சரி" சொல்ல வேண்டும். சவுதியிலிருந்து வந்திருந்த பாய் ஒருவர், "என்னம்மா, பஸ்ஸா ஓட்டுறீக?" என்று சிரித்தார். பிறகு அந்த மென்பொருள்களுக்கும் அதையே பழக்கினீர்கள். எது டிஸ்க்கைத் தொட்டாலும் முதலில் ஒரு பூட்டுப் போடும், மற்றது காத்திருக்கும். "இது திருடனுக்குப் போட்ட பூட்டு இல்லத்தா, கேட்டுட்டு வர்றவுகளுக்கு" என்பீர்கள்.

இன்றும், டிஸ்க்கைச் செருகியதும் பூட்டைக் கேட்காமலே தானாகத் திறந்துவிடும் மிஷினின் அவசரக்குடுக்கைப் பழக்கத்தை முதலில் நிறுத்தினேன். பிறகு செருகிவிட்டு, பழக்கதோஷம், "எடுத்தாச்சு!" என்று கத்தினேன். "சரி" வரவில்லை. அழுகையை அடக்க முடியவில்லை மதினி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நகலெடுக்கச் சொன்னால், டிஸ்க் வேறொருவர் கையில் இருக்கிறது, காத்திரு என்கிறது மிஷின். எனக்கு ஆத்திரம். என்னைத் தவிர இங்கே எவன் இருக்கான்? எழுந்துபோய் உங்கள் திரையைப் போட்டேன். புதிதாய்ச் செருகும் டிஸ்க்கைச் சோதிக்க நீங்கள் எழுதிவைத்த சின்ன நிரல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பக்கத்தை நான் என்றைக்கு எட்டிப் பார்த்தேன்?

"எடுத்தாச்சு. ரொம்பச் சூடா இருக்கு. ஃபேன வை, ஆறட்டும்."

திரையில் எழுத்தாக, அப்படியே உங்கள் பேச்சு. வெயிலில் வந்த டிஸ்க்கை அப்படியே ஓட்டியிருந்தால் செத்திருக்கும். ஓடிப்போய் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து "விட்டாச்சு" என்று வந்தது. என் பக்கம் நகல் ஓடத் தொடங்கியது.

எல்லாம் வந்துவிட்டது மதினி. சரியாக இருக்கிறதா என்று ஒன்றைத் திறந்தேன். "சாப்ட்டியாத்தா?" என்றீர்கள். உடனே மூடிவிட்டேன். அது பிள்ளைக்கு வைத்தது.

பழைய மிஷினை மாற்றச் சொல்கிறான் அண்ணன். மாற்ற மாட்டேன். இனிமேல் உங்கள் திரையை அணைப்பதாயில்லை. அங்கே "விட்டாச்சு" என்று வரட்டும். நான் "சரி மதினி" என்று சொல்லிவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொடுவேன்.