முப்பது முட்டைகள்

டைரக்டர் ஆகிவிட்ட என் பழைய அறைத்தோழனுக்கு,

எனக்கு வரவேண்டிய நாற்காலியில் நீ உட்கார்ந்து ஏழு வருடமாகிறது. அதை நான் மறக்கவில்லை. நம் அறிவியல் அருங்காட்சியகத்தின் வசந்தகால நிகழ்ச்சிப் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டாய் என்றுதான் போன வாரம் இரண்டு நாள் வேலைக்கு வராமல் முறுக்கிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் மதியம்தான் உறைத்தது. குஞ்சு பொரிப்பதைக் காட்ட நான் வைத்திருந்த அடைகாக்கும் பெட்டியிலுள்ள கோழி முட்டைகளைத் தினமும் மூன்று வேளை புரட்டவேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். அடித்துப் பிடித்து ஓடிவந்தேன். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி போட்டிருந்தேன். போகும்போது மேலே இருந்தது வட்டம். இப்போது முப்பதிலும் பெருக்கல் குறி.

காவலாளியைக் கேட்டேன். "டைரக்டர் சார்தான் வேளாவேளைக்கு வந்து திருப்பி வச்சாரு. 'அவன்கிட்ட மூச்சு விடாதே, அதுக்கும் சேர்த்து முறைப்பான்'னாரு."

முறைக்கத்தான் செய்தேன்.

இன்று காலை முதல் முட்டை விரிசல் விட்டது. கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற சிறுமி, "உள்ளேருந்து யாரோ தட்டுறாங்க!" என்று கத்தினாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

நன்றியெல்லாம் சொல்லமாட்டேன். இன்னும் இருபத்தொன்பது பாக்கி. கீழே இறங்கி வா. பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

இன்னும் கோபம் தீராத
உன் அறைத்தோழன்