கிளிப்பச்சைப் பாவாடை

1966 ஜூன் 11, சனி. இரவு.

இன்னும் மனசு ஆறவில்லை.

டிவி சிறுவர் நிகழ்ச்சியில் கூட்டமாகப் பாட மல்லிகாவையும் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் மகளும் அதே கூட்டத்தில். இரண்டும் ஒரே உயரம், ஒரே இரட்டைச் சடை. என் பெண் தனியாகத் தெரியவேண்டும் என்று சிராங்கூன் ரோடு முழுக்க அலைந்து கிளிப்பச்சையில் பாவாடைத் துணி எடுத்தேன். மறுநாளே பாக்கியம் அரக்குச் சிவப்பு எடுத்தாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

இன்று சாயங்காலம் சமூக மன்றத்து டிவி முன்னால் தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் வந்து நின்றார்கள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல். இத்தனை நாள் அந்தப் பெட்டியைப் பார்த்தும் இது என் மண்டையில் ஏறவில்லையே!

"எதும்மா நம்ம பிள்ளை? நல்லாப் பாத்துச் சொல்லு லா" என்றார் இவர்.

"முன்னாடி நின்னு சிரிக்குது பாருங்க" என்று அடித்துச் சொன்னேன். கைதட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. மறுகோடியில் பாக்கியமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகா வீட்டுக்கு வந்ததும் கட்டிக்கொண்டேன். "முன்னாடி நின்னு என்னமா சிரிச்சே!"

"நான் பின்னாடிம்மா. முன்னாடி நின்னது பாக்கியம் அத்தை பொண்ணு."

அப்போதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் மகளைக் கொஞ்சுவது கேட்கிறது.

"பின்னாடி நிக்க வச்சா என்னடி? அம்மா உன்னைக் கண்டுபிடிச்சிட்டேன்ல!"