பூசணிக்காய் உடைத்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு அனுசுயா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? புத்தூர் டாக்டரிடம் மறுபடி போனாயா?

ஆறு வருடச் சம்பளத்தைப் போட்டு, வெள்ளிக்கிழமை இங்கே வார்சாவில் என் தோசைக் கடையைத் திறந்துவிட்டேன். நீ சொன்னபடியே குங்குமம் நிரப்பிய பூசணிக்காயைக் கடைக்குச் சுற்றி வாசலில் உடைத்தேன். ரத்தம் என்று பயந்து யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்! பதறாதே, கண் திருஷ்டிக்கு என்று விளக்கிச் சொன்னதும் வந்த போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நான் நடைபாதையைக் கழுவி முடித்ததும் ஆளுக்கொரு தோசை வாங்கினார்கள். அதுதான் போணி.

போகும்போது அவர்களில் ஒருவர், "கடைக்குச் சுத்தினீங்க, உங்களுக்கு யார் சுத்துவாங்க?" என்றார்.

"ஊர்ல அம்மா இருக்காங்க" என்றேன்.

இட்லித் துணி நான்கு அனுப்பு. கட்டிப் பெருங்காயமும் வேண்டும். சாம்பார் பொங்குகிறது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் என் போட்டோவுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடு அம்மா.

உன் அனு