பள்ளிக்கூடம் பூட்டிய செய்தி

விடிய விடியப் பனி கொட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய றெஜினா, துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து உறங்கிய கணவன் அன்ரனை எழுப்பவில்லை. போன கிழமை பள்ளிக்கூடம் பூட்டு என்ற செய்தி அவனுடைய போனுக்குத்தான் வந்தது. அவன் அதைப் பார்க்காததால் மகள் மெலனி பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் நின்றாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை.

றெஜினா ஒரு கடதாசியில் எழுதி அவன் போனுக்கு மேலே வைத்தாள்:

"இண்டைக்காவது போனைப் பாத்திட்டுப் பிள்ளையை அனுப்புங்கோ. அவவின்ரை சாப்பாட்டுப் பெட்டி மேசையிலை இருக்கு. பூட்டெண்டால் அவ படுக்கட்டும்."

கதவுவரை போனவள் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"உங்களுக்கும் புட்டு மூடி வைச்சிருக்கு. அண்டைக்கு நான் கத்தினது கொஞ்சம் கூடிப்போச்சு."

பஸ்ஸில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் எழும்பியிருப்பானா? அப்போது அவளுடைய போன் அதிர்ந்தது. பனியால் இன்று பள்ளிக்கூடம் இல்லை என்று பிரெஞ்சில் வந்திருந்தது. பள்ளிக்கூடம் அவளுக்கு இதுவரை எதுவும் அனுப்பியதில்லை. உடனே வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"ஓம், எனக்கும் வந்தது," என்றான் அன்ரன் தூக்கக் கலக்கத்தில். "உம்மட நம்பரையும் அண்டைக்கே குடுத்திட்டன். வழுக்கும், பாத்து நடவும்."