முப்பத்தோராம் நாள்

தம்பிக்கு,

அப்பாவை அடக்கம் செய்த முப்பத்தோராம் நாள் எனக்கு அவர் இறந்த சேதியை அனுப்பியிருக்கிறாய். நீ மறதிக்காரன் இல்லை.

"சேதி வந்து சேர முப்பது நாள் தாண்டிடுச்சேம்மா. இனி ஏழு நாள் தரையில உக்கார்ற துக்கம் கிடையாது. ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்" என்றார் எங்கள் யூத ஜெப ஆலயத்து ரப்பி.

யாக்கோபுக்காக யோசேப்பு ஏழு நாள் அழுதான், மோசேக்காக ஜனங்கள் முப்பது நாள் அழுதார்கள் என்று அப்பா நம் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கணக்கை வைத்தே என் ஏழு நாளை நீ பிடுங்கிக்கொண்டாய்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து பாத்திரம் கழுவினேன்.

நான் செத்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். "மாமாவுக்கு எதுக்கும்மா?" என்றாள். ஏழு நாளும் நீ தரையில் உட்கார வேண்டும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் உன்னிடம் என்னைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அக்கா