மூன்றாவது முதலாளி

அல் ஐன்
12.2.2007

அன்புள்ள உமாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் உள்ளரங்கக் கால்பந்து அணியை மறுபடியும் விற்றுவிட்டார்கள். இரண்டு ஆண்டில் இவர் மூன்றாவது முதலாளி. புது மேனேஜர் சுரேஷ்குமார், நான் வேலையில் சேர்த்துவிட்டவன்தான், சிரித்துக்கொண்டே சொன்னான்: "பிளேயர், கோல்போஸ்ட், பஸ் எல்லாம் வாங்கியாச்சு சார். ஆபீஸ் ஆளுங்க அதுல வரல. பழைய கஃபீலைப் பாருங்க."

எனக்கு விசா கொடுத்து, என் பாஸ்போர்ட்டையும் வைத்திருக்கும் அந்தப் பழைய கஃபீல் போனை எடுப்பதில்லை. பயப்படாதே, இங்கே இது சகஜம். எம்.காம். படித்தவனைவிடக் கோல்போஸ்ட்டுக்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான்.

பானுவின் கல்யாணத்துக்குள் வரப் பார்க்கிறேன். முடியாவிட்டால் தாரைவார்க்க என் தம்பியும் அவன் மனைவியும் நிற்கட்டும். "பந்து கம்பெனியை நம்பாதீங்க மாப்ளே" என்ற உன் அண்ணன் வேண்டாம். அவர் சொன்னது பலித்ததையும் அவரிடம் சொல்லாதே.

லீவில் ஊருக்கு வரும் எங்கள் அணி பஸ்ஸின் டிரைவர் இந்தக் கடிதத்தை வாங்கிப்போக வாசலில் நிற்கிறார். எதற்கும் என் பட்டு வேட்டியை நிழலில் உலர்த்தி வை.

அருள்முருகன்