வேண்டாம் என்கிற கட்டம்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் மறுபடியும் தாளை மென்று துப்பியது. அதோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விட்டது. சாயங்காலம் வாயாடி பள்ளியிலிருந்து வந்தபோது கழுத்தில் அட்டை இல்லை.

என் மகளுக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும், விட்டால் ஊரையே விற்றுவிட்டு வந்துவிடுவாள். நான் படங்களை அச்சடித்து லேமினேட் செய்து மாட்டிவிட்ட அட்டைதான் அவளுக்கு வாய். கட்டம் கட்டமாக அம்மா, தண்ணீர், கண், வலி, மறுபடி சொல், வேண்டாம். விரலை வைத்துப் பேசியே தீர்த்துவிடுவாள். அதனால்தான் அவள் அப்பா வாயாடி என்று கூப்பிடுகிறார். கேட்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். திடுக்கிடட்டும்.

டீச்சருக்குப் போன் செய்தேன். "அட்டை பீரோல பத்திரமா இருக்குங்க. சமர்த்தா உக்காந்தா குடுக்கிறோம்" என்றார்.

சமர்த்தா உக்காந்தா வாயைத் திருப்பித் தருவாங்களாம்! அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா அது?

ஜூலை 9, புதன்

தலைமையாசிரியை நாற்காலி கொடுத்தார். "மத்த பிள்ளைங்களோட சேத்துக்கிட்டதே பெருசும்மா. நீங்களும் ஒத்துழைக்கணும்."

விஷயம் இதுதான். களிமண்ணைக் கையில் திணித்தால் வேண்டாம் என்று காட்டுகிறாளாம். பாட்டு நேரத்தில் கையைப் பிடித்து ஆட்டினாலும் வேண்டாமாம். "எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னா நான் எப்படிம்மா கிளாஸ் எடுக்கறது? பிள்ளைங்க சிரிக்குதுங்க" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர். அத்தனை பிள்ளைகளை ஒருத்தியாக மேய்க்கிறார், முகம் வாடித்தான் இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த பேச்சில் அந்தப் பாவம் போய்விட்டது.

"அந்த ஒரு கட்டத்த மட்டும் வெட்டிட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு கட்டம்தானே, வெட்டிடேன். மூணு ஸ்கூல்ல கதவச் சாத்துனாங்களே, மறந்துடுச்சா?" என்றார். மறக்கவில்லை. "நாளைக்கு எவனாவது இவ கையப் பிடிச்சு இழுத்தா எந்தக் கட்டத்தத் தொடுவா?" என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து அட்டையைத் துடைத்து என்னிடமே நீட்டினார்.

ஜூலை 10, வியாழன்

புது அட்டை அடித்தேன். 'வேண்டாம்' இப்போது சிவப்பில், மற்ற கட்டங்களைப் போல இரண்டு மடங்கு.

ஜூலை 11, வெள்ளி

தலைமையாசிரியை அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவு பிடிவாதம்னா நீங்களே தினமும் வந்து கூட உக்காருங்க. இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்க."

நான் பயந்து ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"திங்கக்கிழமையே வரேங்க" என்றேன்.

கடை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு வயரிங் வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் எனக்குப் பதிலாகக் கடையில் நிற்கிறேன் என்று அவராகவே சொன்னார். வாழ்நாளில் ஒரு ஜெராக்ஸைக்கூட நேராக எடுத்ததில்லை மனுஷன்.

ஜூலை 14, திங்கள்

கடைசி பெஞ்சு. முழங்கால் இடிக்கிறது. இடிக்கட்டும்.

ஜூலை 16, புதன்

படம் வரையச் சொல்லி டீச்சர் வாயாடி முன் தாளை வைத்தார். அவள் விரல் சிவப்புக் கட்டத்துக்குப் போனது. நான் எழப் போனேன் — எப்படியோ அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் பெருமூச்சு விட்டார். பிறகு என்னிடம் கேட்காமல் அவளிடமே கேட்டார்: "சரி, வேண்டாம். ஏன் வேண்டாம்?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. விரல் தேடித் தேடிப் போனது. கண். வலி. சன்னல் வெயில் நேராக அந்த வெள்ளைத் தாளில் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் போய்ச் சன்னலைச் சாத்தினார். இவள் பென்சிலை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

அவ்வளவுதாம்மா! அதைத்தானே தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்!

ஜூலை 18, வெள்ளி

டீச்சர் இன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் நிறையப் பேசினார்.

ஜூலை 22, செவ்வாய்

கணக்கு நேரம். வாயாடியின் பென்சில் கீழே உருண்டது. எடுத்துக் கொடுக்க எழுந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து அட்டையைத் தூக்கினாள். அம்மா படத்தில் விரல் வைத்தாள். அப்புறம் அந்தப் பெரிய சிவப்புக் கட்டத்தில், நன்றாக அழுத்தி.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. "பென்சில்தாம்மா எடுக்கறேன்..." என்று இழுத்தேன்.

"அதான் வேண்டாம்னு சொல்றால்ல?" என்றார் டீச்சர். "நீங்க கெளம்புங்க. இனிமே வர வேண்டாம். எங்களுக்குள்ள நாங்க பேசிக்கிறோம். பெரியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." தலைமையாசிரியையைத்தான் அப்படிச் சொன்னார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டார் வாசல் காவலாளி.

"பொண்ணு தொரத்திட்டாங்க" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் எங்கிருந்தும் துரத்தியதில்லை.